மேலே மேற்கு

மூன்று வருடங்களுக்கு முன்பு, சாந்தோம் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் புவியியல் எடுத்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போதே பதினெட்டு வருட அனுபவம். கூடவே மூக்குக்கு மேல் கோபமும் உண்டு. இரண்டையும் சொல்லிவிட்டால் மற்றது சுலபமாகப் புரியும்.

புவியியல் என்றால் சில அடிப்படைக் கேள்விகள்தான் என்று சொல்லித்தான் ஒவ்வொரு வருடமும் தொடங்குவேன். ஓர் இடம் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது, அங்குள்ளவர்கள் நிலத்தோடும் நீரோடும் எப்படிப் பிழைக்கிறார்கள், யார் எங்கிருந்து எங்கே போய் வருகிறார்கள். முதல் கேள்விக்காக, அவரவர் வசிக்கும் பகுதியை ஒரு சார்ட்டில் வரைந்து வரச் சொன்னேன். நல்ல படங்களை மாதக் கடைசியில் நடக்கும் கண்காட்சியில் சுவரில் மாட்டுவோம். பிள்ளைகளுக்கு அது பெரிய கௌரவம்.

ராஜா அண்ணாமலைபுரம், அபிராமபுரம் பிள்ளைகள் அம்மா அப்பாவின் போனைப் பார்த்து அழகாகத் தெருக்களைப் போட்டிருந்தார்கள். கடற்கரைக் குப்பத்திலிருந்து வரும் ஒரு சிறுமியின் சார்ட்டில் முக்கால் பாகம் கடல். கரை, தாளின் மேல் ஓரத்தில் ஒரு பட்டையாக இருந்தது. அதில் தேவாலயக் கோபுரம், அதன் பின்னால் ஒரு செல்போன் டவர். வலது பக்கம் கலங்கரை விளக்கம், அதன் பின்னால் ஒரு வெள்ளைக் கட்டடம். இடது பக்கம் அடையாறு கடலில் சேரும் முகத்துவாரம். கரையிலிருந்து கிளம்பிய இரண்டு கோடுகள் கடலுக்குள் ஒரு புள்ளியில் சந்தித்தன. வடக்கைக் காட்டும் அம்புக்குறி வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

வடக்கு மேலேதானே இருக்க வேண்டும்? ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அம்புக்குறியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, 'திசை தவறு, மீண்டும் வரைக' என்று எழுதினேன்.

மறுநாள், திருத்தச் சொன்ன மற்றவர்கள் எல்லோரும் திருத்திக் கொண்டுவந்தார்கள். அவள் மட்டும் அதே சார்ட்டை என் மேஜைமேல் வைத்தாள். திருத்தாவிட்டால் கண்காட்சியில் இடமில்லை என்றேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"எது தப்புன்னு காட்டுங்க மிஸ், மாத்திடறேன்" என்றாள்.

வகுப்பே வேடிக்கை பார்த்தது. நான் அம்புக்குறியைத் தட்டிக் காட்டினேன். "கடல்லேர்ந்து பாத்தா வடக்கு அங்கதான் கீது மிஸ்" என்றாள், குரலை உயர்த்தாமல். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. எதிர்த்துப் பேசுகிறாள் என்று அம்மாவை அழைத்துவரச் சொல்லிவிட்டேன்.

அம்மா அடுத்த நாளே வந்தார். மீன் விற்று முடித்த கையோடு வந்திருந்தார், காலி அன்னக்கூடையை வாசலில் வைத்துவிட்டு. மகள் சார்பில் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்து, பெருந்தன்மையாக மன்னிக்கவும் தயாராக இருந்தேன். அவரோ சார்ட்டை வாங்கி நிதானமாகப் பார்த்தார். பிறகு கடலுக்குள் இருந்த புள்ளியில் விரலை வைத்தார்.

"கோபுரத்துக்குப் பின்னாடி டவர் மறையணும் டீச்சர். அந்தாண்ட லைட் ஹவுசுக்குப் பின்னாடி ஒரு வெள்ளை பில்டிங் மறையணும். ரெண்டும் ஒண்ணா மறைஞ்சா அதான் எடம். கீழ பாறை கீது, மீனு நிக்கும். இத வெச்சிகினு எங்க வூட்டுக்காரரு போயி சேந்துடுவாரு. உங்க படத்த வெச்சிகினு எங்க போவ்றது?"

நான் விடவில்லை. எனக்குத்தான் பதினெட்டு வருட அனுபவம் ஆயிற்றே. அன்று மாலையே சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு, அவர்கள் சொன்னது தவறென்று நிரூபிக்கவே கடற்கரைக்குப் போனேன். அலைக்கு முதுகைக் காட்டி, கரையைப் பார்த்து நின்று சார்ட்டை விரித்தேன். எதிரே மேற்கு. இடது கைப் பக்கம் முகத்துவாரம், வலது கைப் பக்கம் கலங்கரை விளக்கம். வடக்கு அம்புக்குறி சொன்ன திசையில்தான் இருந்தது. படத்தில் ஒரு பிழையும் இல்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது. கடலில் ஓர் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையே அந்தப் பெண் வரைந்திருக்கிறாள். நான் கேட்ட முதல் கேள்விக்கு நாற்பது பேரில் அவள் ஒருத்திதான் முழுப் பதில் கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் என் தவறைச் சொன்னேன். புது சார்ட் தருகிறேன், சிவப்பு மை இல்லாமல் வரைந்துகொடு என்றேன். மாட்டேன் என்றாள். தப்பு செய்யாதவள் எதற்கு இரண்டு தடவை வரைய வேண்டும்? நியாயம்தான். சிவப்பு வட்டத்தோடேயே மாட்டினேன். கீழே, 'படம் சரி, வட்டம் போட்டது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கண்காட்சிக்கு முதல் நாள் எங்கள் கோ-ஆர்டினேட்டர் சுற்றிப் பார்க்க வந்தார். அந்தப் படத்தின் முன்னால் நின்று முகம் சுளித்தார். வடக்கு மேலே இல்லாத படத்தைப் பார்த்தால் பெற்றோர் சிரிப்பார்கள், ஓர் ஆசிரியரே 'என் தவறு' என்று சுவரில் எழுதிவைப்பது பள்ளிக்கே அசிங்கம், உடனே கழற்றுங்கள் என்றார். அந்த வருடம்தான் எனக்குப் பதவி உயர்வு பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர் மனது வைத்தால்தான் அது நடக்கும்.

"எது தப்புன்னு காட்டுங்க சார், எடுத்துடறேன்" என்றேன்.

அவர் அம்புக்குறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த சுவருக்குப் போய்விட்டார். படம் அங்கேயே இருந்தது. அந்தச் சிறுமி கண்காட்சி முடியும்வரை அதன் பக்கத்திலேயே நின்று, வந்தவர்களையெல்லாம் கடலுக்குள் அந்தப் புள்ளிவரை கூட்டிக்கொண்டு போனாள். எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

இப்போதும் ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் பாடத்துக்குச் சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டுத்தான் படங்களை விரிக்கிறேன். இதை வரைந்த பிள்ளை எங்கே நின்று பார்த்தது என்று தெரியாமல் அந்த மூடியைக் கழற்ற எனக்கு உரிமை இல்லை.