தயாளன் அண்ணன் சுட்ட நான்கு சக்கரங்கள்

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரி மருந்தகத்தின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது மேல்மாடியிலிருந்து நர்ஸ் சுஜாதா போன் செய்தாள். "தயாளன் சார் இறந்துட்டாராம்" என்றாள். "எந்த தயாளன்?" என்று கேட்டேன். எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே தயாளன்தான். அது தெரிந்தும் கேட்டேன். "விடிகாலைல வீட்லயே மாரடைப்பாம், ரேவதி" என்றாள். முந்தைய நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அவரோடு பேசியிருந்தேன். பேசினேன் என்பதைவிடச் சண்டை போட்டேன் என்பதுதான் சரி. போனை வைத்துவிட்டு ஷட்டரை மறுபடி இறக்கினேன். ஏன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருப்பதியில் நாங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், அறுவைக் கருவிகளை ஆவியில் வைத்துக் கிருமி நீக்கும் அறைக்கு அவர்தான் பொறுப்பாளர். வீடு சித்தூரில். நானும் சித்தூர்தான். தினமும் மூன்று நர்ஸுகளை ஏற்றிக்கொண்டு காரில் வந்து போகிறேன். அவரையும் பலமுறை கூப்பிட்டேன். "நீங்க நாலு பேரும் பேசிக்கினு வருவீங்க, திருப்பதி போறதுக்குள்ள என் காது அவிஞ்சிடும். எனக்கு பஸ்சே மேலு" என்பார். கடைசிவரை பஸ்தான்.

ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கச் சூட்டோடு வேலை. வீட்டுக்குப் போனால் அங்கேயும் சூடுதான். கார் பாகங்களுக்கு வீட்டிலேயே பவுடர் கோட்டிங் செய்வது அவருடைய பைத்தியம். காணிப்பாக்கம் சாலையில் மூடிப்போன ஒரு பேக்கரியின் மின் அடுப்பை வாங்கிவந்து கொல்லைப்புற ஷெட்டில் வைத்திருந்தார். பெயிண்ட் போல ஈரமாக அடிக்கிற வேலை இல்லை அது. காய்ந்த பொடியை மின்னேற்றம் கொடுக்கும் துப்பாக்கி மாதிரியான கருவியால் தூவ வேண்டும். பாகத்துக்கு எர்த் கிளிப் மாட்டியிருந்தால் பொடி தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அடுப்பில் வைத்தால் உருகி, தோல் மாதிரி இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் தடவை எர்த் கிளிப்பை மாட்ட மறந்துவிட்டார். சிவப்புப் பொடி பாகத்தில் ஒட்டாமல் காற்றில் போய், கொடியில் காய்ந்த துணியில் இறங்கியது. உதறியிருந்தால் போயிருக்கும். அவர் மனைவி பத்மா அண்ணி கவனிக்காமல் அவருடைய வெள்ளை யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுவிட்டார். பொடி உருகிச் சட்டையிலேயே தங்கிவிட்டது. மறுநாள் அம்மை போட்டவர் மாதிரி வேலைக்கு வந்தார். "அண்ணா, இன்னா இது?" என்றேன். "சோதனை வெற்றி. சட்டைய வுட்டு போவவே இல்ல பாரு" என்றார். இரண்டு மாதம் அந்தச் சட்டையைத்தான் துவைத்துத் துவைத்துப் போட்டார். வெட்கம் என்பது கிடையாது அவருக்கு.

அண்ணிக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குள் எந்தச் சாமான் வந்தாலும் மஞ்சள் குங்குமம் வைத்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை, சுத்தமாகத் தேய்த்துப் பூச்சுக்குத் தயாராக இருந்த பாகத்துக்கும் பொட்டு வைத்தார். தலையில் எண்ணெய் வைத்த கை. அந்த இடத்தில் மட்டும் பூச்சு குழிவிழுந்து வந்தது. அண்ணன் கோபிக்கவில்லை. "பொட்டு வேணாங்கல. வெந்தப்புறம் வை. நல்லா வந்ததுக்கு மட்டும் வை" என்றார். அன்றிலிருந்து அதுவே அந்த வீட்டின் முத்திரையாகிவிட்டது. அண்ணன் பார்த்து ஒப்புக்கொண்டால் குங்குமம். இல்லையென்றால் மொட்டை. அண்ணி ஊரில் இல்லாத நாட்களில் அவரே வைத்தார்.

என் காரின் அலாய் சக்கரங்கள், அலுமினியக் கலவையில் செய்தவை, உரிந்து அசிங்கமாக இருந்தன. "கொண்டா, கருப்பு அடிச்சித் தரேன்" என்றார். பரணில் கிடந்த பழைய இரும்புச் சக்கரங்களைக் காரில் மாட்டிக்கொண்டு, நான்கு அலாயையும் அவர் வீட்டில் இறக்கினேன். அந்த அடுப்பில் ஒரு தடவைக்கு ஒன்றுதான் நுழையும். லீவு நாளில் ஒன்று, லீவு நாளில் ஒன்று என்று ஒன்றரை மாதம் இழுத்தார். எனக்குப் பொறுமை கிடையாது. தினமும் நச்சரித்தேன்.

அந்தப் புதன்கிழமை லீவு போட்டு நான்காவதை முடித்தார். அண்ணி நாராயணவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாயங்காலம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ரேவதி, மூணு நல்லா வந்துச்சு. பொட்டு வச்சிட்டேன். நாலாவதுதான் தப்பாயிடுச்சு. மதியம் மாரு அடைக்கிறாப்ல இருந்துச்சு, செத்த நேரம் படுத்துட்டேன். எழுந்து வந்து பாத்தா சூடு எங்கயோ போயிருக்குது, பூச்சு கருகிப்போச்சு. தேய்ச்சிட்டு மேல இன்னொரு கோட்டு அடிச்சேன். இப்ப மத்ததவிட பளபளன்னு கீது. ஆனா அவ்வளோ சூடு துன்ன அலுமினியத்த நம்பக் கூடாது, ஓட்றப்ப உடைஞ்சாலும் உடையும். பொட்டு இல்லாதத மட்டும் மாட்டாத."

என் காதில் விழுந்தது சக்கரம் மட்டும்தான். "ஒன்றரை மாசம் வச்சிக்கினு இருந்து மூணு குடுக்கறீங்களே, நான் இன்னா ஆட்டோவா ஓட்டறேன்?" என்று கத்தினேன். அவர் சிரித்தார். "ஏமீ காது, ஒண்ணும் ஆவாது, வேற ஒண்ணு தேடித் தரேன்" என்றார். நான் போனைக் கட் செய்துவிட்டேன்.

நான் இருபது வருடமாக மருந்து கொடுக்கிறவள். மார் அடைக்கிறது என்று ஒரு கிழவர் கவுண்டரில் சொன்னால் உட்கார வைத்து டாக்டரைக் கூப்பிட ஓடுகிறவள்.

பதினாறாம் நாள் முடிந்து போனேன். அண்ணி நான்கு சக்கரங்களையும் வாசலில் வரிசையாக வைத்திருந்தார். நான்கும் மொட்டை. குனிந்து குனிந்து பார்த்தேன். அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு, முறைப்படி வீட்டை முழுக்கக் கழுவிவிட்டிருக்கிறார்கள். ஷெட்டில் இருந்தவற்றையும் உறவுக்காரப் பெண்கள் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். அப்படித்தான் செய்வார்கள். என் வீடாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

"அவரு கையால கடைசியா செஞ்சது. மாட்டிக்கினு ஓட்டு ரேவதி. அவரே ரோட்ல போறாப்ல இருக்கும் எனக்கு" என்றார் அண்ணி. அதில் ஒன்று ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். எப்படித் தெரியும் என்று கேட்பார். போனில் சொன்னார் என்பேன். வேறு என்ன சொன்னார் என்று கேட்பார். சக்கரங்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் நான்கையும் வெயிலில் வைத்து நாள் முழுக்கப் பார்த்தேன். ஒன்று கூடுதலாக மின்னுவதாகத் தோன்றும். இடம் மாற்றி வைத்தால் இன்னொன்று மின்னும். லேத் பட்டறைக்காரரிடம் காட்டினேன். தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். "எனக்குத் தெரில மேடம். நானா இருந்தா மாட்ட மாட்டேன்" என்றார். இரண்டு நாள் கழித்து அண்ணி போன் செய்து, "எப்படி ஓடுது?" என்று கேட்டார். "நல்லா ஓடுது அண்ணி" என்றேன். அப்புறமும் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதே பொய்தான்.

அண்ணனை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறதா, கோபம் வருகிறதா என்றே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நெஞ்சு அடைக்கிறது என்று படுத்த மனிதர் எழுந்து ஆஸ்பத்திரிக்குத்தானே போக வேண்டும்? கருகிய சக்கரத்துக்கு எதற்கு இன்னொரு கோட்டு? அதை அப்படியே கருகலாக விட்டிருந்தால் குருடனுக்கும் தெரிந்திருக்குமே. அழகாக இல்லாத ஒன்றை எனக்குக் காட்டக் கூச்சப்பட்டாரா? என் வாய்க்குப் பயந்தாரா? கேட்க ஆள் இல்லை.

நாளை ஆஸ்பத்திரியில் நினைவுக் கூட்டம். அவரைப் பற்றி எழுதி வந்து படி என்றார்கள். அண்ணியும் முன்வரிசையில் இருப்பார். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணி, என் காரில் ஓடுவது பழைய இரும்புச் சக்கரங்கள். என்னோடு மூன்று பெண்கள் தினமும் அந்த ஹைவேயில் வருகிறார்கள். அவர்கள் உயிரை வைத்து எது என்று கண்டுபிடிக்க எனக்குத் தைரியம் இல்லை. தெரியாமல் யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று, போன ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் நான்கையும் இரண்டிரண்டாக அறுக்கச் சொன்னேன். பக்கத்திலேயே நின்றேன். கருப்புப் பூச்சு ஓர் இடத்திலும் உரியவில்லை. அறுத்த இடத்தில் நான்கும் ஒரே வெள்ளையாக இருந்தன. எது என்று அப்போதும் தெரியவில்லை. உங்கள் வீட்டைக் கழுவியவர்கள் மேல் ஒரு தப்பும் கிடையாது. தப்பு போனில் இருந்தவளுடையது.

அண்ணா, அன்றைக்கு நீங்கள் இரண்டு விஷயம் சொன்னீர்கள். நான் சக்கரத்துக்கு மட்டும் பதில் சொன்னேன். இன்னொன்றுக்கு இப்போது சொல்கிறேன், நேரம் கடந்துதான். அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து உட்காருங்கள். கார் எடுத்துக்கொண்டு வருகிறேன்.