தண்ணீர் புகாத பெட்டி

போன வாரம் ஆழ்வார்திருநகரியிலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு அம்மாள் மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். பையிலிருந்து ஒரு வாசனை. முதலில் சாம்பிராணி என்று நினைத்தேன். ஆனால் சாம்பிராணி இவ்வளவு முரட்டுத்தனமாக மூக்கில் ஏறாது.

"என்னம்மா, குங்கிலியமா?" என்று கேட்டேன்.

"ஆமாய்யா. மூட்டு வலிக்கு வைத்தியரு களிம்பு காச்சித் தாரேன்னாரு. பைக்குள்ள கெடக்குதத எப்படிக் கண்டுபிடிச்சிய?"

"பழைய பழக்கம்மா" என்றேன். ஜன்னலுக்கு வெளியே வயல்கள் போய்க்கொண்டிருந்தன. நான் அதற்குள் மனசால் பழைய தோணித்துறைக்குப் போய்விட்டேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். இரண்டு பேருக்கும் வருத்தமில்லை. அதன்பிறகு பார்க்காத வேலை இல்லை. வேம்பாரில் உப்பளம், சாகுபுரத்தில் காண்ட்ராக்டரிடம் மூட்டை தூக்கியது, திருவிழாக் கடைகளில் பிளாஸ்டிக் குடம் விற்றது, பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தது. உப்பளத்தில் கால் வெடித்துப் புண்ணாகும், மூட்டை தூக்கினால் முதுகு போகும், பரோட்டாக் கடையில் மட்டும் வயிறு நிறையும். ஆனாலும் அங்கும் நான் தங்கவில்லை. என் காலில் ஏதோ கோளாறு. ஒரு ஊரில் சூடு கண்டால் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும்.

கொஞ்ச காலம் நிலைத்தது தோணி கட்டுகிற இடத்தில்தான். மரத்தோணியின் பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத்திரியை உளி வைத்து அடித்து இறக்கி, அதன்மேல் குங்கிலியப் பிசினை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவோம். அப்போதுதான் கடல் உள்ளே வராது. இந்த வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். எனக்கு மேஸ்திரி மிக்கேல் அண்ணன். ஆயுள் முழுக்கச் சுத்தியல் சத்தம் கேட்டுக் காது மந்தமாகிப்போன மனிதர். ரகசியம் பேசினாலும் துறைமுகம் வரை கேட்கும்.

அவரிடம்தான் ஒருநாள் சந்தியாகு அண்ணாச்சி வந்தார். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி நடத்திய தண்டல் அவர். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். கரையில் உட்கார்ந்து பல வருஷம் ஆகியும் ஊர் அவரைத் தண்டல் என்றுதான் கூப்பிட்டது. அவர் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறையில்தான் நான் அப்போது குடியிருந்தேன்.

"மிக்கேலு, எனக்கு ஒரு பெட்டி வேணும்ல."

"என்ன பெட்டி அண்ணாச்சி, துணிமணி வைக்கவா?"

"என்னைய வைக்க."

தண்டலுக்கு இதயம் வீங்கிவிட்டது, ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தன. மிக்கேல் அண்ணன் கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டேப்பை எடுத்தார்.

"படுங்க அண்ணாச்சி, அளந்துருவோம்."

தண்டல் மரத்தூளின்மேல் நீட்டிப் படுத்தார். "கால்மாட்டுல கொஞ்சம் கூட விடு. பெருவெரல் முட்டப்பிடாது. கடையில விக்கிற பெட்டிய பாத்தேன். ஆப்பிள் பெட்டி மாதிரி இருக்கு. அதுல போயி எறங்குனா அங்கன உள்ளவன் என்ன நெனப்பான்?"

தோணிக்கு வாங்கிய மரத்தில் மிஞ்சியதை வைத்துத் தச்சர்கள் பெட்டியை முடித்தார்கள். அகலமாக, ஆழமாக, அவரைப் போலவே இருந்தது. எங்களிடம் பூச்சுக்கு வந்தது. வார்னிஷ் அடித்துக் கொடுக்க வேண்டியதுதான் எங்கள் வேலை. ஆனால் பலகை இடுக்கைப் பார்த்தால் கலப்பத்துக்காரன் கை சும்மா இருக்குமா? மிக்கேல் அண்ணன் ஒருபக்கம் உட்கார்ந்தார், நான் ஒருபக்கம் உட்கார்ந்தேன். ஊர்க்கதை பேசிக்கொண்டே திரியை அடித்து இறக்கி, குங்கிலியம் பூசி, முடிக்கிற நேரத்தில் மிக்கேல் அண்ணன் சுத்தியலைக் கீழே போட்டார்.

"ஏலே, என்ன காரியம்ல செஞ்சிருக்கோம்? மண்ணுக்குள்ள போற பெட்டி! இதுக்குத் தண்ணி புகாம அடிச்சா என்ன, புகுந்தா என்ன?"

தண்டல் வந்து பார்த்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "கெடக்கட்டும்ல. ஆயுசு பூரா ஒழுகுத தோணியில போயாச்சி. கடேசி தோணியாவது ஒழுகாம இருக்கட்டும்" என்றார்.

சிரிக்காதவர் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் சவரிமுத்து மட்டும்தான். குடும்பக் குழியைப் பல வருஷம் கழித்து அடுத்த ஆளுக்காகத் திரும்பத் தோண்டும்போது பழைய பெட்டி மண்ணோடு மண்ணாகியிருக்க வேண்டும். "இது மக்கவே மக்காது. அடுத்த ஆளை எங்கன வைக்க, ஒங்க தலையிலயா?" என்று எங்களிடம் சண்டைக்கு வந்தார்.

பெட்டி தண்டல் வீட்டுக்குள் வந்ததும் வீடு இரண்டாகிவிட்டது. அவருடைய மனைவி லூர்து மதினி அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு பழைய சேலையை எடுத்து மூடிவிட்டார்கள். தண்டல் அந்தச் சேலையை விலக்கி உள்ளே ரேடியோவை வைத்து, அதற்குப் பக்கத்தில் வேட்டி, மூக்குக்கண்ணாடி, முறுக்கு டப்பா எல்லாம் அடுக்கினார். பெட்டிக்குள்ளிருந்து செய்திகள் வாசிப்பார்கள். யாராவது உடம்பு எப்படி என்று கேட்டால் மதினி முந்திக்கொண்டு, "அவருக்கு என்ன, சளிதான். பனிக்காலம் போனா சரியாயிரும்" என்பார்கள். தண்டல் வாயைத் திறந்தால், "நீரு சும்மா இரும்" என்று அடக்கிவிடுவார்கள்.

அவர் என்னிடம்தான் சொல்லுவார். "அவகிட்ட ஒரே ஒரு காரியம் பேசணும்ல. பேச விடமாட்டேங்கா. பேசாம போயிட்டம்னா அது தொண்டையில முள்ளு மாதிரி நிக்கும்."

என்ன காரியம் என்று எனக்குத் தெரியும். அவர்களுடைய ஒரே மகன் அந்தோணி மாலத்தீவுக்குப் போன தோணியில் போனவன். தோணியும் திரும்பவில்லை, அவனும் திரும்பவில்லை. உடல் கிடைக்காததால் கல்லறையும் இல்லை. ஆத்துமாக்கள் திருநாளன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, மதினி மட்டும் கடற்கரை மணலில் குழி பறித்து, காற்றுக்குக் கையால் மறைத்து ஏற்றுவார்கள். அவனுடைய சட்டை ஒன்று டிரங்குப் பெட்டியில் இருந்தது. அந்தச் சட்டையைத் தன்னோடு பெட்டியில் வைக்க வேண்டும், பையனுக்கும் மண்ணில் ஓர் இடம் வேண்டும் என்பது தண்டலின் ஆசை. ஆனால் டிரங்குப் பெட்டிச் சாவி மதினியின் இடுப்பில் இருந்தது.

அந்த மழை வராமல் இருந்திருந்தால் அது இடுப்பிலேயே இருந்திருக்கும்.

தூத்துக்குடியில் மழை பெய்வது அபூர்வம். பெய்தால் போக வழி தெரியாமல் தெருவிலேயே நிற்கும். அந்த வருஷம் ஒரே ராத்திரியில் தெரு நிறைந்து, விடியும்போது வீட்டுக்குள் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். கோயில் பக்கத்துப் பள்ளிக்கூட மாடிக்குப் போய்விட வேண்டும். தண்டலைத் தூக்கவும் முடியாது, மல்லாத்தினால் அவருக்கு மூச்சு முட்டும். தெருவில் எனக்கு இடுப்பளவு. மதினிக்கு மார்பளவு.

தண்டல் கட்டிலில் உட்கார்ந்து பெட்டியைக் காட்டினார். ஏற்கனவே அது மிதந்துகொண்டுதான் இருந்தது. ரேடியோ உள்ளே ஈரம்படாமல் இருந்தது.

"அத இங்கன இழு."

"உயிரோட இருக்குத மனுசனப் பெட்டியில படுக்க வைக்கவா?" என்று மதினி அலறினார்கள்.

"படுக்கலளா. உக்காருதேன்."

உட்கார்ந்தார். தலைமாட்டில் தலையணையைச் சாய்த்துக் கொடுத்தேன். பெட்டி ஒரு குலுங்கு குலுங்கி நிமிர்ந்து நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. மிக்கேல் அண்ணனுக்கு அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று இருந்தது எனக்கு. மதினி பெட்டியைத் தொடாமல் பின்னால் நடந்து வந்தார்கள். வாசல் தாண்டியதும் சாக்கடையில் கால் வைத்து முங்கிவிட்டார்கள். சேலையைப் பிடித்துத் தூக்கினேன்.

"ஏறுளா" என்றார் தண்டல்.

"மாட்டேன். அது ஒமக்கு அடிச்சது."

"ஒன்னையும் மனசுல வச்சித்தான் அகலமா அடிச்சிருக்கான். ஏறு."

மதினி சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார்கள். இருவரும் எதிரும் புதிருமாக, முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்னால் பிடித்துத் தள்ளினேன். தண்டலுக்குக் குரல் திரும்பிவிட்டது. "ஏலே, சுக்கான் ஒன் கையில இருக்கு, பாத்துப் போ. கம்பம் வருது, வலது பக்கமா வெலக்கு. கரண்டு கம்பம்ல, தொட்டா மூணு பேருக்கும் ஒரே பெட்டிதான்."

மாடிகளில் ஜனம் நின்றது. அத்தனை அவதியிலும் எங்களைப் பார்த்து ஊரே சிரித்தது.

"தண்டல் அண்ணாச்சி, எங்க பயணம்?"

"கொழும்புக்குய்யா!"

"என்ன சரக்கு?"

தண்டல் எதிரே இருந்த மதினியைப் பார்த்தார். "கருவாடு. பழைய கருவாடு. எந்தத் துறையிலயும் எறக்க விடமாட்டேங்கானுவ."

மதினி அவர் முழங்காலில் ஓங்கி ஓர் அடி வைத்தார்கள். பெட்டி ஆடியது. "ஏளா, நடுக்கடல்ல சண்ட போடாத!" என்றார் அவர். மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைச் சேலையால் பொத்திப் பார்த்தார்கள், அடங்கவில்லை. அந்த வீட்டில் நான் குடியிருந்த காலத்தில் அவர்கள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கோயில் மதில் ஓரமாகத் திரும்பியதும் சத்தம் குறைந்தது. தண்டல் மெதுவாகக் கேட்டார்.

"ஏளா, நான் போகப் போறேன்னு ஒனக்குத் தெரியும்லா?"

காதைப் பொத்திக்கொள்ளலாம் என்றால் என் இரண்டு கையும் பெட்டியில் இருந்தது.

"தெரியும்" என்றார்கள் மதினி.

"பொறவு ஏன் சளி சளின்னு சொல்லுத?"

"எல்லாரும்தான் போகப் போறீருன்னு சொல்லுதாவ. இல்லன்னு சொல்ல வீட்டுல ஒரு ஆளாவது வேண்டாமா?"

தண்டல் மதினியின் ஈர முந்தானையைப் பிழிந்துவிட்டார். பிறகு, "நீ சொன்னது எனக்கு நல்லாத்தான் இருந்துச்சி" என்றார். "சட்டைய தாளா. அவனும் நானும் ரெண்டு பேருமா போறோம்."

"அதக் கேக்காதீரும்."

"சரி. கேக்கல."

பள்ளிக்கூட வாசல் வந்துவிட்டது. ஆட்கள் இறங்கி வந்து அவரைத் தூக்கிக்கொண்டார்கள். பெட்டியை நான் சும்மா விடவில்லை. அன்று பூராவும் அது தெருவில் ஓடியது. பால் பாக்கெட், மருந்து, ஒரு கைக்குழந்தையும் அதன் அம்மாவும், இரண்டு ஆடுகள். ஆட்டுக்காரரிடம் அது என்ன பெட்டி என்று நான் சொல்லவில்லை.

தண்ணீர் வடிந்ததும் பெட்டியைக் கழுவி வெயிலில் காயப்போட்டிருந்தேன். மதினி டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார்கள். அதற்குள் தண்ணீர் புகுந்திருந்தது. நீலக் கோடு போட்ட சட்டையைப் பிழிந்து முகத்தில் வைத்து மோந்தார்கள். தண்டல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் வேர்வ இருக்கும்னு இத்தன வருசம் தொவைக்காம வச்சிருந்தேன்" என்றார்கள். "நெசமா சொல்லுதேன், தண்ணி வாரதுக்கு முந்தியே பாச்ச உருண்ட வாசந்தான் அடிச்சிச்சி. நான்தான் ஒத்துக்கிடல." பிறகு அதைத் துவைத்து, பெட்டியின் மேலேயே விரித்துக் காயப்போட்டு, மடித்து, ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். "கைப் பொத்தான் ஒண்ணு அந்து போயிருக்கு. தச்சித் தாரேன். அதுவரைக்கும் நீரு போவக்கூடாது."

"மெதுவாவே தையி" என்றார் தண்டல்.

பிறகு அந்த வீட்டில் சாவைப் பற்றிப் பேசியதைப் போலச் சந்தோஷமான பேச்சை நான் கல்யாண வீடுகளிலும் கேட்டதில்லை. பேண்டு வாசிக்கிறவர்களில் எந்த டிரம்பெட்காரன் வரக்கூடாது, யாரைப் பேசவிட்டால் நிறுத்தமாட்டான், அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்கு என்ன மீன் ஆக்குவது. சில நாள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அழுது முடித்து டீ போடுவார்கள். அந்தோணியின் பெயர் அந்த வீட்டில் சாதாரணமாகப் புழங்க ஆரம்பித்தது. அவன் மாங்காய் திருடி மாட்டிக்கொண்ட கதை மட்டும் எனக்கு மனப்பாடம்.

பொத்தான் தைக்கப்பட்டது. தண்டல் ஒரு காலையில், ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். மதினி ரேடியோவை எடுத்து வெளியே வைத்தார்கள். சட்டையை அவர் நெஞ்சில் வைத்தார்கள். என்னைக் கூப்பிட்டு, "எனக்கும் நீதாம்ல கலப்பத்து அடிக்கணும். எந்த ஊருல கெடந்தாலும் வரணும்" என்றார்கள். வழக்கம்போல நான் அந்த மாதமே ஊரை விட்டுக் கிளம்பிவிட்டேன்.

பல வருஷம் கழித்து, மதினி போய்விட்டார்கள் என்று போன் வந்தது. வந்தேன். மிக்கேல் அண்ணன் அப்போது இல்லை. பஞ்சுத்திரியும் குங்கிலியமும் தேடி வாங்கித் தனியாக உட்கார்ந்து அடித்தேன். பெட்டி சின்னது, சீக்கிரம் முடிந்துவிட்டது. குடும்பக் குழியைத் தோண்டிய சவரிமுத்து மேலே நின்ற என்னைப் பார்த்துக் கத்தினார். "நான் அன்னிக்கே சொன்னேம்லா? ஒரு பலகைகூட அசையல. வச்சது வச்ச மாதிரி இருக்கு!" அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லாரும். மதினியை அதன் மேலேயே வைத்தோம். மூன்று பேருக்கும் ஒரே இடம்.

தோணி கட்டிய இடத்தில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. யாராவது இறந்தால் கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி வாடகைக்கு வருகிறது. சுத்தமாக இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குள் முன்கூட்டியே முறுக்கு டப்பா வைக்க முடியாது.

பஸ்ஸை விட்டு இறங்கி அந்தத் தெரு வழியாக நடந்தேன். தண்டல் வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை. பெரிய வடிகால் கட்டிவிட்டார்கள், எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்பதில்லை என்று கடைக்காரர் சொன்னார். நல்ல காரியம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். வெயிலில் தெரு காய்ந்து கிடந்தது. பூமிக்குள் கேபிள் பதித்துக் கரண்டு கம்பத்தைப் பிடுங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. ஆனாலும் அந்த இடம் வந்ததும் என் உடம்பு தானாக வலது பக்கம் விலகிப் போனது.