சாமராஜநகரில் கிடைத்த அச்சு

எங்கள் வீட்டில் ஒரு அமெரிக்கா வண்டி இருந்தது. அதன் பேரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் இப்போது பிறந்தவர்களுக்குத் தெரியாது; அந்தப் பேரில் வண்டி செய்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. வண்டியின் மூக்கில், ரேடியேட்டருக்கு மேலே, ஒரு பித்தளை வில்லை இருக்கும். அதில் இங்கிலீஷ் எழுத்து. எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், இங்கிலீஷ் எங்கே? ஆனால் அந்த எழுத்தை எங்கே கண்டாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். மைசூர் முழுக்க அந்த எழுத்து எங்கள் வீட்டு வாசலில் மட்டும்தான் நின்றது.

என் வீட்டுக்காரர் காபி எஸ்டேட் துரை ஒருவரிடம் டிரைவராக இருந்தார். துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது வண்டியை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். விலைக்குத்தான், தானமாக இல்லை. துரை போட்டுக்கொள்ளச் சொன்ன டிரைவர் தொப்பி ஒன்று இருந்தது. வண்டி எங்கள் லஷ்கர் மொஹல்லா வீட்டு வாசலுக்கு வந்த அன்றைக்கே அந்தத் தொப்பியை நான் பரணில் போட்டுவிட்டேன்.

வண்டியைப் பற்றி உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். பெட்ரோல் குடிப்பதில் அதற்கு வெட்கமே கிடையாது. ஆறு சிலிண்டர், நீளமான எஞ்சின். சாமுண்டி மலையில் மற்ற வண்டிகள் கியர் மாற்றி மாற்றி முனகும் இடத்தில் இது பேசாமல் ஏறும். சீட்டெல்லாம் நிஜத் தோல். மழைக்காலத்தில் மாட்டுக்கொட்டகை மாதிரி ஒரு வாசனை வரும். மேலே கித்தான் கூண்டு, வேண்டுமானால் மடக்கிவிடலாம். அதனால் மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் எங்கள் வண்டியைத்தான் கேட்பார்கள். மாப்பிள்ளை நாலு பேர் கண்ணில் பட வேண்டாமா? காலையில் ஹேண்டில் போட்டால் இரண்டு தரம் தும்மிவிட்டுத்தான் எஞ்சின் பிடிக்கும். சக்கரத்தின் ஆரங்கள் மரம். பங்குனி வெயிலில் மரம் உலர்ந்து கிறீச்சென்று கத்த ஆரம்பித்துவிடும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி நான் தினமும் காலையில் நாலு சக்கரத்துக்கும் குடத்தால் தண்ணீர் விடுவேன். வாசல் தெளித்த கையோடு அது.

அதைச் செய்தவர்கள் முதலில் சைக்கிள் செய்துகொண்டிருந்தவர்களாம். பிறகு மோட்டாருக்கு வந்து ஓஹோவென்று இருந்தார்களாம். எங்களிடம் வண்டி வந்த சில வருஷத்தில் அமெரிக்காவில் பெரிய பஞ்சம் போல ஒன்று வந்து, வண்டி வாங்க ஆளில்லாமல் கம்பெனியைச் சாத்திவிட்டார்கள். இதை ஸ்பேர் கடைக்காரர் வீட்டுக்கே வந்து, துக்கம் கேட்க வந்தவர் போல உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"இனிமே சாமான் வராதும்மா."

"வராட்டி போகட்டும். வண்டி ஓடுதில்ல?" என்றேன்.

ஓடினவரைக்கும் அது சரியான பேச்சுதான்.

ஒரு தை மாதம், அரிசி மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணம். வண்டிக்கு மல்லிகைச் சரம் கட்டி, முன்னால் பேண்டு, பின்னால் பெண்கள், அவர்களோடு நானும். விளக்கு வைக்கிற நேரம். மாப்பிள்ளை உயரமாக உட்கார்ந்திருந்தார். மார்க்கெட் திருப்பத்தில் அடியிலிருந்து டக்கென்று ஒரு சத்தம் வந்தது. எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. பின் அச்சு ஒடிந்துவிட்டது. பேண்டுக்காரர்கள் அது தெரியாமல் வாசித்துக்கொண்டே வெகுதூரம் போய்விட்டார்கள்.

பெண்ணுக்குத் தாய்மாமா, அந்த மண்டிக்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "டிரைவரே, இதென்னய்யா, மாப்பிள்ளை இப்பவே நகர மாட்டேங்குறாரு?"

"அச்சு போச்சுங்க."

"அச்சு போனா என்ன, ஆள் இருக்காங்க. தள்ளுங்கப்பா! எங்க பொண்ணு வாழ்நாள் பூரா தள்ளப் போறா, நாம கொஞ்சம் பழகிக்குவோம்."

எல்லாரும் சிரித்தார்கள், மாப்பிள்ளையும் சிரித்தார். சத்திரம் வரை தள்ளிக்கொண்டே போனார்கள். சிரித்ததை நான் பொறுத்துக்கொண்டேன். டிரைவரே என்று கூப்பிட்டது மட்டும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

பட்டறையில் கடைசல் பிடித்து ஒரு அச்சு செய்து போட்டார்கள். நஞ்சன்கூடு போய்த் திரும்புவதற்குள் அது முறுக்கிக்கொண்டு ஒடிந்தது. இன்னொன்று செய்தார்கள், அது மார்க்கெட் வரைக்கும்கூடப் போகவில்லை. கம்பெனிக்காரன் போட்ட இரும்பு வேறே. பெங்களூருக்கும் மதராஸுக்கும் எழுதிக் கேட்டாயிற்று, எங்கும் இல்லை. வண்டி வாசலில் நின்றது. நான் பழக்கத்துக்குச் சக்கரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் பஸ் முதலாளி ஒருவர் ஆள் அனுப்பினார், டிரைவர் வேலைக்கு வரச் சொல்லி. ஒருநாள் மத்தியானம் பார்த்தால் இவர் பரணிலிருந்து அந்தத் தொப்பியை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அது எதுக்கு?"

"தூசி தட்டினேன்."

"தட்டியாச்சுன்னா மேலே போட்டுடுங்க."

போட்டுவிட்டார். ஆனால் எத்தனை நாளைக்கு? வண்டி ஓடினால் அவர் வண்டிக்குச் சொந்தக்காரர். ஓடாவிட்டால் இன்னொருத்தர் வண்டிக்குக் கதவு திறந்துவிட வேண்டியவர். எங்கள் வீட்டுக்கு அப்போது இருந்த கவலை அது ஒன்றுதான்.

சாமராஜநகரில் இதே மாதிரி வண்டி ஒன்று கொட்டகையில் கிடக்கிறது என்று ஒரு பிரயாணி சொன்னார். ரயிலேறி இரண்டு பேரும் போனோம். புளி வியாபாரம் செய்தவருடைய வீடு. அவர் காலமாகிவிட்டார், சம்சாரம் இருந்தார். மாதேஸ்வரன் மலைக்குக் கிட்ட, ஹனூர்ப் பக்கத்து மனுஷி. அந்தப் பக்கத்துத் தமிழ். பெரிய ஆகிருதி, வெள்ளைப் புடவை. நாங்கள் வந்த காரியம் சொல்லி முடிக்கும் முன்னால் சாவியை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார்.

"வண்டி பாக்கத்தானுங்க எல்லாரும் வர்றாங்க. பாத்துப்போட்டுப் போயிடறாங்க. நீங்களும் பாருங்க."

கொட்டகையில் புளி மூட்டைகள், சீட்டில் ஒரு அடைக்கோழி. மூக்கில் எங்கள் எழுத்து. நான் முதலில் பார்த்தது சக்கரத்தைத்தான். ஆரங்கள் கெட்டியாக, வெடிப்பில்லாமல் இருந்தன. கீழே மண் ஈரம்.

"தண்ணி விடறீங்களா?" என்று கேட்டேன்.

அந்தம்மா என்னை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். "நீங்களும் விடறீங்களா?"

"தினமும். வாசல் தெளிக்கிறப்போ."

"காத்தால ரெண்டு தும்மல் போடுமே உங்க வண்டி?"

"ரெண்டு. மூணாவதுக்குத்தான் பிடிக்கும்."

"இதுவும் அப்படித்தானுங்க. எங்க ஊட்டுக்காரங்க வைவாங்க, 'வெள்ளைக்காரனுக்குப் பொறந்தது, குளுர் தாங்குது, நம்மூரு காத்து தாங்கலியே'ன்னு." சொல்லிவிட்டுக் கோழியை விரட்டினார். அது போகவில்லை.

இவர் மெதுவாக, அச்சு மட்டும் கிடைத்தால் போதும் என்றார்.

"அச்சை எடுத்துட்டா மிச்சத்தை நானென்ன பண்றது? காலொடிஞ்ச மாட்டுக்குத் தீனி போடற மாதிரி தண்ணி ஊத்திட்டு இருக்கறதா?" என்றார் அந்தம்மா. பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். பிறகு, "வாங்க வர்றவங்ககிட்ட எல்லாம் ஒண்ணு சொல்லுவேன். அதக் கேட்டதும் போயிடறாங்க. அவங்க மைசூர் ஆசுபத்திரில தவறிட்டாங்க. இந்தப் பின்சீட்டுலதான் கொண்டாந்தோம். அதுலருந்து இது நின்னுபோச்சு."

சவம் ஏறின வண்டியில் நல்ல காரியத்துக்கு ஏறுவதில்லை. எங்கள் ஜனங்களிடம் இது எழுதாத சட்டம். மஞ்சள் தண்ணீர் தெளித்தாலும், கோயிலைச் சுற்றி வந்தாலும் அந்த வண்டியில் ஒரு மாப்பிள்ளை உட்கார மாட்டார். இவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். எங்கள் வருமானத்தில் பெரும்பங்கு கல்யாண வாடகைதான்.

"அச்சு அடியில்தானே இருக்கு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் இவர்.

"அதுக்குத்தானுங்க சொல்றன். நீங்க மறச்சு ஓட்டுவீங்க. நாளைக்கு எந்த ஊட்லயாவது ஒரு கெடுதல் ஆச்சுன்னா, தெரிஞ்சே கல்யாண வண்டிக்குக் குடுத்தாளேன்னு என்னைப் பேசுவாங்க. கேக்கறவங்களுக்குச் சொல்லிப்போடோணும். அதுக்கு ஒத்துக்கிட்டா எடுத்துக்குங்க. காசு வேண்டாம். வருசத்துக்கு ஒருக்கா என்னை மாதேஸ்வரன் மலை அடிவாரம் வரைக்கும் கூட்டிட்டுப் போய்ட்டு வந்தாப் போதும். அந்தச் சத்தத்துல உக்காந்து நாளாச்சு."

கேட்கிறவர்களுக்கு மட்டும் சொன்னால் போதும் என்றுதான் அந்தம்மா சொன்னார். யார் வந்து அச்சைப் பற்றிக் கேட்கப்போகிறார்கள்? அதோடு விட்டிருந்தால் எங்களுக்கு நல்லது. ஆனால் மறைத்து ஓட்டுவீங்க என்று அந்தம்மா சொன்ன வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

"கேக்காதவங்களுக்கும் சொல்லுவோம்" என்றேன்.

இவர் என்னைப் பார்த்த பார்வையை ரயில் மைசூர் வரும்வரை மாற்றவில்லை.

அச்சு அப்படியே பொருந்தியது. வண்டி பழையபடி பேசாமல் மலையேறியது. அடிவாரத்துக்கு அந்தம்மாவைக் கூட்டிப்போனோம். பின்சீட்டில் வலது ஓரமாக உட்கார்ந்து, கொள்ளேகால் தாண்டும்வரை எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு, "உங்க வண்டி கொஞ்சம் சத்தம் ஜாஸ்திங்க" என்றார்.

சொன்ன சொல்லுக்கு நான் பூக்காரியிடம் மட்டும்தான் சொன்னேன். பூக்காரியிடம் சொன்னால் மொஹல்லாவில் வேறு யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வைகாசி ஆனியில் ஒரு கல்யாணம்கூட எங்கள் வாசலுக்கு வரவில்லை. அச்சு மட்டும்தானே என்று சிலர் சொன்னார்களாம். அச்சு இல்லாமல் வண்டி ஏது என்று மற்றவர்கள் சொன்னார்களாம். வந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் போகிறவர்கள்தான். இரண்டு மூன்று தரம் சவமும் வந்தது; இனி என்ன என்று இவர் ஏற்றிக்கொண்டார். என்னை ஒரு நாளும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு தரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அந்தம்மாகிட்ட உன் வாய்க்கு ஒரு பிரேக்கும் கேட்டு வாங்கியிருக்கலாம்" என்றார். நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். பஸ் முதலாளியின் ஆள் திரும்பவும் வந்துவிட்டுப் போயிருந்தான் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். தொப்பி பரணில்தான் இருந்தது, நான் ஏறிப் பார்த்தேன். ஆனால் தூசி இல்லை.

பிறகு யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் என்றார்கள். கூப்பனுக்குக் கிடைக்கிற பெட்ரோல் எங்கள் வண்டிக்கு ஒரு வாய்க்குக் காணாது. ஊரில் இருந்த நல்ல நல்ல கார்களெல்லாம் கல்லை முட்டுக்கொடுத்துக் கொட்டகையில் ஏறிவிட்டன. இவர் வண்டிக்குப் பின்னால், கரியைப் புகைத்து அந்த கேஸில் எஞ்சினை ஓட்டுகிற உலை ஒன்று மாட்டினார், பஸ்களுக்கு மாட்டுகிற மாதிரி. புது வண்டிகள் கரியில் ஓடினால் இருமி இருமி நின்றுவிடும். இது அந்தக் காலத்து எஞ்சின், போட்டதைத் தின்னும். மலையேறும் வேகம் போனது நிஜம். ஆனால் ஓடியது. ஒரே கஷ்டம், காலையில் உலை மூட்டுகிற வேலையும் சேர்ந்துகொண்டது; வாசல், சக்கரம், அப்புறம் அடுப்பு இரண்டு.

அந்த வருஷத்துத் தை மாதத்தில் ஒருநாள் அரிசி மண்டிக்காரர் வந்தார், வண்டியைத் தள்ளச் சொன்னாரே அவரேதான். அந்தப் பெண்ணின் தங்கைக்குக் கல்யாணம். இவர் வாசலில் கரி சலித்துக்கொண்டிருந்தார்.

"யஜமானரே, சௌக்கியமா? ஊர்வலத்துக்கு வண்டி வேணும். மாப்பிள்ளை வீட்டுல மோட்டார்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. ஊர் பூரா சுத்திட்டேன்."

இவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். என்னைப் பார்த்தார். வேண்டாம், சும்மா இரு என்றுதான் அந்தப் பார்வைக்கு அர்த்தம். எனக்கு அது தெரியாமல் இல்லை.

"வண்டி வரும். ஆனா ஒரு விஷயம்" என்றேன். "அதுல இருக்கிற பின் அச்சு சாமராஜநகர்ல எடுத்தது. சவம் வந்த வண்டியோட அச்சு."

மண்டிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, நான் கேக்கவே இல்லையே!"

"கேக்காதவங்களுக்கும் சொல்றதா வாக்குக் கொடுத்திருக்கோம்."

"ஊருக்கே தெரிஞ்ச சங்கதிதானம்மா. சரி, சொல்லிட்டீங்க, நானும் கேட்டுக்கிட்டேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அந்த அச்சு ஒடியாதில்ல?" என்றார்.

"ஒடியாது" என்றார் இவர்.

"அப்போ சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் வந்துடுங்க யஜமானரே. இந்தத் தடவை தள்ள என்னால ஆகாது, இடுப்பு போச்சு."

ஊர்வலத்துக்கு நானும் போனேன். முன்னால் பேண்டு, நடுவில் மல்லிகைச் சரம், பின்னால் உலையிலிருந்து புகை. மாப்பிள்ளையின் சரிகை அங்கவஸ்திரத்தில் கரித்தூள் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது. அவர் தட்டித் தட்டி அதைத் தேய்த்துவிட்டார். மார்க்கெட் திருப்பம் வந்ததும் மண்டிக்காரர் வண்டிக்குப் பக்கத்தில் வந்து, அடியில் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். வண்டி திரும்பியது. அவர் நிமிர்ந்து வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, பேண்டுக்காரர்களை உரக்க வாசிக்கச் சொன்னார்.

மறுநாள் காலையில் நான் பரணில் ஏறி அந்தத் தொப்பியை எடுத்தேன். நல்ல கெட்டித் துணி. கரியை அள்ளி உலையில் போட வசதியாக இருந்தது.