சொந்த பலத்தில் நசுங்கிய எலுமிச்சை

நீலாய் நகரில் வேலை கிடைத்த கையோடு தங்கை ஒரு பழைய காரை வாங்கினாள். கூடவே இணையத்தில் ஒரு சிறிய பெட்டியும். காரின் பேட்டரி படுத்துவிட்டால் எழுப்பும் கருவி. ஆனால் அதற்குள் பேட்டரி கிடையாது. நான் சிரித்தேன்.

"சோறே இல்லாத சட்டி ஊருக்குப் பந்தி போடுமா?"

"சிரிண்ணே. ஒருநாள் நீயே கேப்ப லா."

பகாவ் ஊரிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில். வண்டி வாங்கினால் அங்கேதான் பூசை. நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். பூசை முடிந்ததும் வண்டி அவற்றை நசுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அது நல்லபடியாக நடந்தால்தான் தனியாக நீலாய்க்குப் போகலாம், இல்லாவிட்டால் வேலையே வேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தார்.

அன்று பூசாரி பக்கத்துத் தோட்டத்தில் மாட்டிக்கொண்டார். "விளக்கு எரியாத காடிக்குப் பூசையா?" என்று அம்மா காரின் முன்விளக்குகளைப் போடவைத்தார். கார் ரேடியோவில் அம்மன் பாட்டு. முன்மூடியைத் திறந்து பேட்டரியின் இரு முனைகளுக்கும் தாராளமாகச் சந்தனம், குங்குமம். பூசாரி வந்து சூடம் காட்டுவதற்குள் பாட்டு நின்றுபோயிருந்தது. தங்கை சாவியைத் திருப்பினாள். டக் என்றது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு மாமா லோரியையும் கேபிளையும் கொண்டுவந்தார். அம்மா மறித்தார்.

"முதல் ஓட்டமே இரவல் பலத்துலயா? தள்ளவும் கூடாது. தானா கெளம்பலன்னா ஆத்தாவுக்கு இஷ்டமில்ல."

"ஆத்தா ஒண்ணும் சொல்லல. நீங்க போட்ட பாட்டுதான் பேட்டரியக் குடிச்சிருச்சு" என்றார் மாமா. கூட்டம் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை.

தங்கை விளக்குகளை அணைத்துவிட்டுப் பெட்டியை எடுத்தாள். "இதுக்குள்ள இரவல் எதுவும் இல்லம்மா. நம்ம பேட்டரியில மிச்சம் கிடக்குறதக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சி, ஒரே மூச்சுல திருப்பிக் கொடுக்கும்."

அம்மா யோசித்தார். "அப்ப அது காடியோட சொந்த பலம்தானே?"

"ஆமாம்மா."

"சரி, மாட்டு."

மாட்டினாள். பெட்டியின் திரையில் ஒன்றும் தெரியவில்லை. முனைகளில் காய்ந்து அப்பியிருந்தது சந்தனம். பொட்டை அழிக்க யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் அம்மாவே குனிந்து முந்தானையால் துடைத்தார். "ஆத்தா, கண்டுக்காத."

மறுபடி மாட்டியதும் எண்கள் மெல்ல ஏறின. எல்லாரும் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியையே பார்த்தோம், பூசாரி உட்பட. பச்சை விளக்கு எரிந்தது. தங்கை சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உறுமிக் கிளம்பியது. மாமாதான் முதலில் கைதட்டினார். மூன்று பழங்கள் நசுங்கின. நான்காவது தெறித்துப் பூசாரியின் காலடிக்கு ஓடியது. அதை மட்டும் அம்மா பார்க்கவில்லை.

முன்னிருக்கையில் ஏறிக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்து அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். இம்முறை மூடியின் மேல்.

"பகாவ் வரைக்கும் என்னையக் கூட்டிட்டுப் போ. திங்கக்கெழம நீ பாட்டுக்கு நீலாய்க்குப் போய்க்க."

தங்கையின் கை சந்தோஷத்தில் ரேடியோவுக்குப் போனது.

"அதத் தொடாத!" என்றார் அம்மா.