கடல் தெரியாத குழாய்

எங்கள் வீட்டில் சுடுதண்ணீரைக் கொட்ட வைத்தது யார் என்ற பேச்சு வந்தால் நான் இன்றைக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அப்பாதான் என்று அம்மா சொல்வார். பச்சைப் பொய். ஸ்பேனர் பிடித்தது அப்பா, கோளாறைக் கண்டுபிடித்தது நான்.

சண்டைக் காலம். கொழும்பு வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். குளியலறைச் சுவரில் கீசர் இருந்தது என்று பெயர்தான். ஷவரில் சுடுதண்ணீர் நூல் மாதிரி இறங்கும். வாளி நிறைவதற்குள் முதலில் விழுந்தது ஆறிப்போகும். அப்பா அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. கோட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்த்த மனுஷன், பல்பு மாற்றக்கூடப் பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிடுவார். "வாற தண்ணி காணும். ஊரில கீசரோ வச்சிருந்தனாங்கள்?" என்று சொல்வதோடு அவருடைய கடமை முடிந்துவிடும்.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, வன்னியிலிருந்து எங்களிடம் வந்த பிறகுதான் கதை மாறியது. பெரியம்மாவுக்கு முட்டு வருத்தம். பச்சைத்தண்ணீர் பட்டால் மூச்சு இழுக்கும். ஒரு பையோடு தனியாக வந்தார். முன்பு விடுமுறைக்கு வந்தபோது என்னைத் தோளில் தூக்கி வைத்து ரயில் காட்டிய அண்ணா, அவருடைய ஒரே மகன், கூட வரவில்லை.

"அண்ணா எங்க?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"லண்டனுக்குப் போட்டான். ஆர் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லவேணும், விளங்கிச்சோ?"

சொல்வதற்கென்ன? கேட்காதவர்களுக்கும் கூப்பிட்டுச் சொன்னேன். லண்டனில் அண்ணா இருக்கிற பிள்ளைக்கு வகுப்பில் தனி மரியாதை இருந்தது.

அந்தக் கட்டடத்தில் சுவர்கள் மெல்லிசு. பக்கத்து வீட்டில் தேங்காய் துருவினால் எங்களுக்குக் கேட்கும். கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் ஒருவர் இருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் பொலிஸில் பதிய வேண்டிய நாட்கள் அவை. பெரியவர்கள் எல்லாரும் மெதுவாகவே கதைத்தார்கள். பெரியம்மா அதைவிட மெதுவாக. பல நாட்கள் வாயே திறக்கமாட்டார்.

ஒரு சனிக்கிழமை அப்பா யாரிடமோ ஸ்பேனர் இரவல் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "இண்டைக்கு இந்தக் கீசரை ஒரு கை பாக்கிறன்."

"உங்களுக்கென்ன விசரோ? அது கரண்ட் சாமான்!" என்று அம்மா பதறினார்.

கரண்டை நிறுத்திவிட்டு அப்பா சாறத்தை மடித்துக் கட்டினார். ஷவரைக் கழற்றி, உப்புப் படிந்த ஓட்டைகளையெல்லாம் அம்மாவின் சாரிப் பின்னால் குத்தித் திறந்தார். பூட்டினார். அதே நூல். அடுத்ததாக, கீசருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வளையும் குழாயைச் சுவர்ப் பக்கத்தில் கழற்றினார். தண்ணீரைப் பூட்ட மறந்துபோனார். ஐயோ, அவர் பட்ட பாடு! சுவரிலிருந்து பாய்ந்த தண்ணீர் நேரே மூஞ்சியில் அடித்தது. கண்ணாடி ஒரு பக்கம், மனுஷன் ஒரு பக்கம். சத்தம் கேட்டு வந்த பெரியம்மா, எங்கள் வீட்டுக்கு வந்து முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தார்.

தண்ணீரை நிறுத்தி, குழாயின் மற்றப் பக்கத்தையும் கழற்றிய அப்பா, "இதில ஒரு பிழையும் இல்லை" என்று அதை நிலத்தில் போட்டார். நான் எடுத்து ஒரு கண்ணில் வைத்து யன்னல் பக்கம் பார்த்தேன். கடல் தெரியும் என்று நினைத்தேன். உள்ளே ஒரே இருட்டு.

"அப்பா, இதுக்குள்ளால கடல் தெரியேல்லை!"

அப்பா வாங்கிப் பார்த்தார். உள்ளே இருந்த றப்பர் வாஷர் ஊதிப்போய், விலகி, ஊசி முனையளவு இடம் விட்டு வழியை அடைத்திருந்தது. பெரிய தெருவான காலி வீதியில் இருந்த சாமான் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். கடைக்கார முஸ்லிம் நானா புது வாஷரைத் தந்துவிட்டு, "அப்ப இனி பைப் வேலைக்கு மகளைத்தான் கூப்பிடோணும்" என்றார். வீட்டுக்கு வரும்வரை என் கால் நிலத்தில் படவில்லை.

பூட்டித் திறந்ததும் தகரக் கூரையில் மழை அடிப்பது மாதிரி ஷவர் கொட்டியது. அத்தோடு அப்பா விடவில்லை. "நீ போய் வெளியில படியில நில்லு" என்று என்னை அனுப்பிவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் தலை நனைந்தபடி ஓடி வந்தார்.

"நான் உள்ளுக்கு நிண்டு கத்தினது கேட்டதோ?"

"இல்லையப்பா. தண்ணிச் சத்தம்தான்."

"வடிவாக் காது குடுத்துக் கேட்டனியோ?"

"ஓம், ஒண்டும் கேக்கேல்லை."

அப்பா என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி" என்றார். சும்மா புகழ்கிற ஆளில்லை அவர். பிறகு உள்ளே போய்ப் பெரியம்மாவிடம், "அக்கா, இனி ஆறுதலாக் குளியுங்கோ. ஒருத்தரும் கதவைத் தட்டமாட்டினம்" என்றார்.

பெரியம்மா ஆறுதலாகத்தான் குளித்தார். ஒவ்வொரு நாளும், கீசர் ஆறிப்போகும்வரை. என் தண்ணீர் அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று மாடி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். வெளியே வரும்போது கண்ணிரண்டும் சிவந்திருக்கும். சாம்பு எரித்திருக்கும் என்று நினைத்து, குழந்தைகளுக்கான, கண் எரியாத என்னுடைய சாம்புவைக் கொடுத்தேன். நான் யாருக்கும் கொடுக்காத சாமான் அது. அடுத்த நாளும் கண் சிவப்புத்தான்.

"இதுவும் எரிக்குதோ பெரியம்மா?"

"ஓம் குஞ்சு, கொஞ்சம் எரிக்குது" என்று என்னை ஈரத்தோடு அணைத்துக்கொண்டார்.

அண்ணா லண்டனுக்குப் போகவே இல்லை. சண்டை பிடிக்க இயக்கத்துக்குப் போய் வன்னியிலேயே செத்துப்போனார் என்பதை நான் வளர்ந்த பிறகுதான் சொன்னார்கள். பெற்ற தாய் வாய்விட்டு அழுதால் கீழ்வீட்டுக்குக் கேட்கும். கேட்டால் ஏனென்று விசாரிக்க ஆள் வரும். இதெல்லாம் தெரிந்த பிறகும் அந்தக் குழாயைப் பற்றிய என் பெருமை குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்குப் படியில் நின்று "ஒண்டும் கேக்கேல்லை" என்று சொன்னபோது, அப்பா என்னிடம் எதைக் கேட்டார் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.