மாடி அறையில் இருந்த ரோயிங் மெஷின்

தொப்பையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் மிரட்டியதும் என் கணவர் சேலத்திலிருந்து பழைய ரோயிங் மெஷின் ஒன்றை வாங்கிவந்து மாடி அறையில் போட்டார். நகரும் இருக்கையில் உட்கார்ந்து, காலை உதைத்து, கைப்பிடியைத் துடுப்பு வலிப்பதுபோல இழுக்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் உரக்கடை வைத்திருப்பவர். சில நாள் இழுத்தார். அப்புறம் அதன்மேல் துண்டு காய்ந்தது.

ஆஸ்பத்திரி வேலையில் நோயாளிகளைத் தூக்கித் தூக்கி எனக்கு முதுகுவலி. ஒருநாள் சும்மா ஏறி உட்கார்ந்து பார்த்தேன். உளுந்தூர்பேட்டையில் விளையாட்டு ஆசிரியராக இருக்கும் கொழுந்தன் அன்று வந்திருந்தார்.

"கையால இழுக்காதீங்க அண்ணி. மொதல்ல கால், அப்புறம் முதுகு, கடைசியாத்தான் கை" என்றார். "ஒரே மாதிரி ஓட்டிக்கினு இருந்தா தம்முதான் கூடும். பலம் வரணும்னா கொஞ்ச நேரம் உசுரக் குடுத்து இழுங்க. மூச்சு அடங்குறவரைக்கும் மெதுவா இழுத்துக்கினு இருங்க. மறுபடி இழுங்க. ரெஸ்ட்ட மட்டும் கம்மி பண்ணாதீங்க."

விடியற்காலையில் அப்படியே செய்தேன். திரையில் ஒவ்வொரு இழுப்பின் பலமும் வாட் கணக்கில் தெரியும். ஆரம்பத்தில் கண் இருட்டியது. மழைக்காலம் முடிவதற்குள் எண் ஏறிவிட்டது. முதுகுவலியும் போய்விட்டது. கல்யாணமானதிலிருந்து எனக்கென்று ஏறிய எண் அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு கொழுந்தன் எங்கள் இருவரையும் போட்டிக்கு இழுத்துவிட்டார். கணவர் முதலில் இழுத்தார். பிறகு நான். என் எண்ணுக்குப் பக்கத்தில்கூட அவர் வரவில்லை. வந்திருந்த சொந்தக்காரர்கள் கை தட்டினார்கள்.

"கல்வராயன் மலை ஒடம்பாச்சே, மாடு மாதிரி இழுக்குது" என்று நான் பிறந்த ஊரைச் சொல்லிக் கணவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அடுத்த வாரம் டியூட்டி முடிந்து வந்தபோது மாடி அறை காலியாக இருந்தது.

"இன்னாங்க, மெஷின் எங்க?"

"வித்துட்டேன். காலங்காத்தால சத்தம் ஜாஸ்தியா இருக்குதுன்னு கீழ் வூட்ல சொல்றாங்க."

மறுநாள் கீழ் வீட்டு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் விழித்தார். "சத்தமா? நாங்க ஒண்ணும் சொல்லலியேம்மா."

படியேறி வந்து கணவருக்குச் சோறு போட்டேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பார். அதையும் நம்பினதுபோல நிற்க வேண்டியிருக்கும்.

ஜிம்மில் சேர்கிறேன் என்று ஒருமுறை சொன்னேன். "ஆம்பளைங்க நடுவுலயா?" என்பதோடு முடிந்தது. பலம் வரத்தான் அத்தனை காலம் பிடித்தது. போவதற்குக் கொஞ்ச நாளே போதுமானதாக இருந்தது. முதுகுவலி திரும்பிவிட்டது. இரவில் அவரே தைலம் தேய்த்துவிடுகிறார், பாசமாக. அந்தக் கை முதுகில் பட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.