கஸ்பர் பாடினவராம்

'வரிக்கூடு' என்ற முகநூல் குழுவில் ஜெயரட்ணத்தின் பெயரைக் கண்டால் பலர் போனை மூடி வைத்துவிடுவார்கள். குழுவில் அறுநூறு பேர். லண்டன், பாரிஸ், வவுனியா, ரொறன்ரோ என்று சிதறிக் கிடக்கிற தமிழர்கள் வெள்ளிக்கிழமை வந்தால் அங்கே கவிதை போடுவார்கள். போடுகிறவர் முதலில் மற்ற இரண்டு பேரின் கவிதைக்குக் கருத்து எழுதவேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் நம்மவர்களுக்குச் சட்டத்தைக் காப்பாற்றவும் தெரியும், காப்பாற்றியபடியே கொன்றுபோடவும் தெரியும். கவிதையைத் திறந்தும் பாராமல் 'அருமை' என்று ஒரு சொல், பக்கத்தில் ஒரு றோசாப்பூ, கடமை முடிந்தது. தாய் செத்த கவிதைக்கும் அருமை, ஊர் எரிந்த கவிதைக்கும் அருமை.

ஜெயரட்ணம் அப்படிச் செய்ய மாட்டார். ஒவ்வொரு கவிதையையும் மூன்று தரம் வாசிப்பார். பிறகு, "நாலாவது வரியில் நீங்கள் அழவில்லை, எங்களை அழவைக்கப் பார்க்கிறீர்கள்" என்று எழுதுவார். எழுதியவர் இரண்டு வாரம் குழுப்பக்கம் தலைகாட்ட மாட்டார். பாரிசில் ஒருவர் இவருக்குப் பயந்தே புனைபெயரை மாற்றினார். அப்படியும் ஜெயரட்ணம் பிடித்துவிட்டார்.

ஆளைப் பார்த்தால் இவரா இப்படி என்று இருக்கும். அறுபத்துநாலு வயது, ஒல்லி உடம்பு, ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பக்கம் எட்டாம் மாடியில் ஒற்றை அறை அப்பார்ட்மென்ற். எண்பத்தொன்பதில் ஏஜென்சி மூலம் கனடா வந்தவர். யன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் தோள்மூட்டு தேயும்வரை நின்றார். தங்கை குணவதியை ஊரிலிருந்து எடுப்பித்தார், அவளுக்குக் கலியாணம் செய்துவைத்தார், அவளுடைய கணவனின் தம்பிக்குக்கூட வேலை எடுத்துக் கொடுத்தார். இனி உங்களுக்குப் பார்ப்போம் அண்ணை என்று வீட்டில் ஆரம்பித்தபோது அவருக்கு நாற்பத்தாறு. இரண்டு சாதகம் வந்தது, இரண்டும் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை, வெட்கமாக இருந்தது.

குணவதி இப்போது றிச்மண்ட் ஹில்லில் இருக்கிறாள். பிறந்தநாள்களுக்குக் கூப்பிடுவாள். மருமக்கள் "ஹாய் மாமா" என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுவார்கள். சாப்பாட்டைப் பெட்டியில் போட்டுத் தந்து, மருமகன் காரில் கொண்டுவந்து இறக்கிவிடுவான். அன்புக்குக் குறைவில்லை. பேச்சுக்குத்தான் ஆளில்லை.

இவரும் எப்போதாவது கவிதை போடுவார். மற்றவர்களுக்குப் பழிவாங்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. ஆனால் பயத்தில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். றெஜினா என்ற பெண் மட்டும் எழுதுவார்.

றெஜினா மன்னார்ப் பக்கம், இருப்பது ரொறன்ரோ. அவ்வளவுதான் தெரியும். முகப்புப் படத்தில் ஆள் இல்லை, கடல் இருந்தது. இவருடைய படத்தில் ஒரு மேப்பிள் மரம். ஒருமுறை ஜெயரட்ணம் தன் கட்டடத்துச் சலவை அறையில் மூன்று வாரமாக யாரும் எடுக்காமல் கிடந்த ஒற்றைக் காலுறையைப் பற்றி எழுதினார். றெஜினா கீழே கேட்டிருந்தார்: "எல்லாம் சரி அண்ணை, கடைசியில் அதை நீங்கள்தானே வீட்டுக்குக் கொண்டுபோனீங்கள்? அதை ஏன் எழுதேல்லை?" ஜெயரட்ணம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். காலுறை உண்மையிலேயே அவருடைய மேசை லாச்சிக்குள்தான் இருந்தது. அந்தக் கிழமை முழுக்க அவரோடு வேறு யாரும் பேசியிருக்கவில்லை, மருந்துக்கடைப் பெண்ணைத் தவிர.

இப்படி இரண்டு வருடம் போனது. அவர் ஒரு கவிதை போட்டால் றெஜினா வரிக்கு வரி எழுதுவார். றெஜினா போட்டால் இவர். குடும்பக் கதை எதுவும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் வியாழன் வந்துவிட்டால் ஜெயரட்ணம் முகம் வழித்துவிடுவார். கவிதை வாசிக்க எதற்குச் சவரம் என்று அவரிடம் கேட்க யாரும் இல்லை.

போன பங்குனியில் ஒரு வெள்ளி, றெஜினா இதைப் போட்டார்:

விடிய எழும்பி
இரண்டு கோப்பை வைத்தேன்.
ஒன்றைக் குடித்தேன்.
மற்றதைப் பார்த்தபடி
இருட்டும்வரை இருந்தேன்.

கீழே ஒரே றோசாப்பூவாகக் குவிந்தது. ஜெயரட்ணம் மூன்று தரம் வாசித்துவிட்டு எழுதினார்: "றெஜினா, இரண்டாவது கோப்பை பொய். எல்லோரும் வைக்கிற கோப்பை அது. கவிதைக்காக வைத்திருக்கிறீர்கள். உங்களிடம் இதைவிட உண்மை இருக்கிறது."

பதில் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம், குழுவை நடத்தும் லண்டன் அருள்நாயகம் ஒரு கண்ணீர் அஞ்சலி போட்டார். எமது உறுப்பினர் றெஜினாவின் அன்புக் கணவர் கஸ்பர் புதன்கிழமை ரொறன்ரோவில் காலமானார். பூதவுடல் பார்வைக்கு ஞாயிறு இரண்டு மணி தொடக்கம் ஐந்து வரை.

புதன் புருஷன் செத்திருக்கிறான். வெள்ளி அந்தக் கவிதை. ஜெயரட்ணம் கதிரையில் இருந்தபடி தான் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பார்க்காமல் றோசாப்பூ வைத்த எண்பது பேரும் நல்லவர்களாகிவிட்டார்கள். உன்னிப்பாகப் பார்த்த ஒருவன் கெட்டவனாகிவிட்டான். கருத்தை அழித்தார், ஆனால் வாசித்தவள் வாசித்திருப்பாள். தன்னோடு கதைக்கிற ஒரே ஆளைத் தன் வாயாலேயே துரத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு, மருமகளின் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனார். வழி முழுக்க ஒரே வசனத்தைப் பாடமாக்கினார்: நான் ஜெயரட்ணம், அண்டைக்கு எழுதினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. கோவிலில் தேவாரம் பாடமாக்கியதற்குப் பிறகு எதையும் அவர் இவ்வளவு கவனமாகப் பாடமாக்கியதில்லை.

மண்டபத்தில் முப்பது பேர் இருந்தால் அதிகம். செபமாலை சொல்லி முடிந்திருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலையோடு ஒரு கட்டையான பெண், அவர் பக்கத்தில் மகள். ஜெயரட்ணம் முன்னால் போய்க் கும்பிட்டார். கஸ்பர் மெலிந்துபோய்க் கிடந்தார். நெஞ்சின்மேல் கோத்திருந்த கைகள் மட்டும் பெரிய கைகள், வேலை செய்த கைகள்.

"நீங்கள்..." என்றார் றெஜினா.

வாய் வரை வந்த வசனம் அந்த முகத்தைக் கண்டதும் நின்றுவிட்டது. இந்த முகத்துக்கா நான் பொய் என்று எழுதினேன்? அவருக்கு அந்த இடத்தைவிட்டு ஓடவேண்டும் போல் இருந்தது. ஓட முடியாதபடியால் வேறு ஏதோ சொன்னார்.

"நான்... இவரோட ஒண்டா வேலை செய்தனான்."

றெஜினா அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பாண் பக்டரியிலயோ?"

"ஓம்."

"ஒருத்தரும் வரேல்லை அண்ணை. அவங்கள் பக்டரியைப் பூட்டி நாலு வருசமாச்சு. ஒருத்தற்ற நம்பரும் என்னட்டை இல்லை. பத்தொன்பது வருசம் வேலை செய்த மனிசன், ஒரு ஆள் இல்லையெண்டு இப்பத்தான் பிள்ளையிட்டச் சொல்லி அழுதனான். உங்கட பேர் என்ன அண்ணை?"

"நவரட்ணம்." தகப்பனுடைய பெயர்தான் வாயில் வந்தது.

"இருங்கோ, இதில இருங்கோ." பக்கத்துக் கதிரையில் அவரை இருத்தினார். "அங்க எப்பிடி இருந்தவர்? வீட்ட வந்தா வாய் திறக்கிறேல்லை. சாப்பிடுவார், ரீவியைப் பார்த்தபடி நித்திரையாப் போவார். மா போடுற மெசினில நிண்டவர் எண்டது மட்டும் தெரியும். சொல்லுங்கோ அண்ணை."

அமைதியான மனிதர் என்று சொல்லியிருந்தால் போதும். உண்மையாகவும் இருந்திருக்கும், கதையும் முடிந்திருக்கும். ஆனால் அதைத்தான் றெஜினா முப்பது வருடமாக வீட்டில் பார்த்திருக்கிறார். அவருடைய முகம் பசித்த பிள்ளையின் முகம் மாதிரி முன்னால் இருந்தது. ஜெயரட்ணத்தால் அதை வெறுமனே திருப்பி அனுப்ப முடியவில்லை.

"பாடுவார்" என்றார்.

"ஆர், இவரோ?"

"ஓம். மா கொட்டேக்க. மெசின் சத்தத்தில தனக்கு மட்டும் கேக்கிற மாதிரி. நாங்கள் கிட்டப் போனா நிப்பாட்டிப்போடுவார்."

றெஜினா மகளைத் திரும்பிப் பார்த்தார். "ஸ்டெபனி, கேட்டியே. அப்பா பாடினவராம்."

"அப்பாவா? ரியலி?" என்ற அந்தப் பெண் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பிலேயே உடைந்து அழுதாள். "அங்கிள், அவர் என்ன பாட்டுப் பாடுவார்?"

"அதுதான் பிள்ளை, கிட்டப் போனா நிப்பாட்டிப்போடுவார்."

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வெக்ஸ்போர்ட் என்றார். அட, நாங்களும் பக்கத்தில் லோறன்ஸ் வீதியில்தான், உங்களுக்கு நாலு பஸ் தரிப்புத் தள்ளி என்றாள் ஸ்டெபனி. முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று றெஜினா வாசல்வரை வந்து சொன்னார். ஜெயரட்ணம் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். பஸ்ஸில் ஏறி இருந்தபிறகுதான் தான் என்ன செய்துவிட்டு வருகிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

இரண்டு கிழமை கழித்து உள்பெட்டியில் றெஜினாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"ஜெயரட்ணம் அண்ணை, அண்டைக்கு நீங்கள் எழுதினதைக் கண்டனான். ஏன் அழிச்சனீங்கள்? நீங்கள் சொன்னது சரி. அவர் தேத்தண்ணி குடிக்கிறதேயில்லை. நான் அந்தக் கோப்பையை வைக்கவும் இல்லை, கவிதை எண்டால் அப்பிடி எழுதவேணும் எண்டு நினைச்சிட்டன். எல்லாரும் பூ வைச்சினம், நீங்கள் ஒராள்தான் வாசிச்சனீங்கள். உங்களை நான் ஒருநாள் பாக்கவேணும். முப்பத்தொண்டுப் பூசைக்கு வாங்கோ."

வாசித்ததும் அவர் சந்தோசத்தில் எழும்பி அறைக்குள் இரண்டு தரம் நடந்தார். அடுத்த நிமிடம் அந்தச் சந்தோசம் வந்த வழியே போய்விட்டது. ஒரு பூசைக்கு அவருக்கு இரண்டு அழைப்பு. ஜெயரட்ணமாகப் போனால் நவரட்ணம் பொய்யன் ஆவான், கஸ்பரின் பாட்டும் அவனோடு போய்விடும். நவரட்ணமாகப் போனால் ஜெயரட்ணம் ஏன் வரவில்லை என்று அதே றெஜினா அவரிடமே குறைப்படுவார். உலகத்தில் அவரைப் பார்க்கவேண்டும் என்று கேட்ட ஒரே ஆளுக்கு, தடிமன் காய்ச்சல் என்று எழுதி அனுப்பினார்.

பூசை முடிந்த வெள்ளி, றெஜினா குழுவில் கவிதை போட்டார்.

பத்தொன்பது வருடம்
மாவுக்குள் நின்று
பாடியிருக்கிறாய்.
வாசலில்
சட்டையில் ஒட்டிய மாவோடு
பாட்டையும் தட்டிவிட்டு
உள்ளே வந்திருக்கிறாய்.
நான் கூட்டி அள்ளினேன்,
எனக்குத் தெரியாது.

அதன் கீழே எழுதியிருந்தார்: "இது அவரோட வேலை செய்த ஒரு அண்ணை சொன்னது. கல்லறைக் கல்லில இதைத்தான் வெட்டவேணும் எண்டு மகள் ஒற்றைக்காலில நிக்கிறாள். ஜெயரட்ணம் அண்ணை பாத்துச் சொல்லட்டும் எண்டு பிடிச்சுவைச்சிருக்கிறன். அவருக்குப் பொய் எண்டால் மணக்கும். அண்ணை, இதில பொய் இருந்தால் சொல்லுங்கோ, எடுத்துப்போடுறன்."

ஜெயரட்ணம் மூன்று தரம் வாசித்தார். இரண்டு வருடத்தில் றெஜினா எழுதியதில் இதுதான் நல்ல கவிதை. கூட்டி அள்ளினேன் என்ற வரியில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை றெஜினாவைத் தவிர யாரும் எழுதியிருக்க முடியாது. ஆனால் அதன் அடியில் இருப்பது இவருடைய பொய். பாட்டு இல்லை என்று சொன்னால் கஸ்பர் மறுபடியும் ரீவிக்கு முன்னால் நித்திரையாகிவிடுவார், இந்த முறை எழும்பவே மாட்டார். சொல்லாமல் பேசாமல் இருந்தாலும் றெஜினாவுக்கு அது பொய் என்றுதான் விளங்கும். அவரை அப்படிப் பழக்கிவைத்ததே இவர்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சமைக்கவில்லை. குணவதி அழைத்தபோது தலையிடி என்றார்.

திங்கள் காலை எழுதினார்: "ஒரு சொல்லும் எடுக்கவேண்டாம்."

அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. "அப்ப இனி எனக்குச் சந்தேகம் இல்லை."

கல் வெட்டியாயிற்று. றெஜினா இப்போதும் வெள்ளிதோறும் எழுதுகிறார், ஜெயரட்ணமும் வரிக்கு வரி பதில் எழுதுகிறார். சந்திக்கலாம் என்று நாலு தரம் கேட்டாயிற்று. காய்ச்சல், தோள்மூட்டு, தங்கை வீடு, பனி என்று நாலு சாட்டுச் சொல்லியாயிற்று. ஐந்தாவதை அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் பின்னேரம் மூன்று மணியிருக்கும், லோறன்ஸ் பஸ்ஸில் ஏறியவர் நடுவில் யன்னல் ஓரமாக றெஜினா இருப்பதைக் கண்டார். குனிந்து போனில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்து சீற் வெறுமையாக இருந்தது. நிமிர்ந்தால் நவரட்ணம் அண்ணை என்று கையைப் பிடித்து இருத்துவார். ஜெயரட்ணம் கதவு பூட்டுமுன் வந்த வழியே இறங்கிவிட்டார். பஸ் போய்க் கொஞ்ச நேரத்தில் அவருடைய கோட்டுப் பைக்குள் போன் அதிர்ந்தது.

"அண்ணை, சும்மாதான் எழுதுறன். பஸ்ஸில தனிய இருக்கிறன், உங்கட ஞாபகம் வந்தது. என்ன செய்யிறியள்?"

அவர் தரிப்பில் நின்றபடியே பதில் எழுதினார்: "வீட்டிலதான் இருக்கிறன் றெஜினா. சும்மாதான்."